தொண்ணூற்றாறு பேர் பார்த்தார்கள்

சுங்குவார்சத்திரம்
8.6.2025

அன்புள்ள சுகப்பிரியாவுக்கு,

சித்தி பேச்சி எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, இந்த ஊர்த் தண்ணீர்தான் இன்னும் ஒத்துவரவில்லை. உன் தலைவலி விட்டதா? பிளஸ் டூ தொடங்கிவிட்டது. கண்ணாடி போடாமல் படிக்காதே. உன் பள்ளி விடுதியில் போன் கூடாது என்பதால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் இவ்வளவு எழுதியதே இல்லை.

வேலை கிடைத்துவிட்டது. ஒரகடத்தில் காருக்கு வயர் பின்னும் கம்பெனி ஒன்று. அங்கே வேலை செய்யும் தொண்ணூற்றாறு பெண்களுக்காகக் காண்ட்ராக்டர் எடுத்திருக்கும் ஹாஸ்டலுக்கு நான் வார்டன். எல்லாம் பதினெட்டு, பத்தொன்பது வயது. பாதிப் பேர் நம் பக்கத்துப் பிள்ளைகள். கம்பெனிக்குள் கேமரா போன் கூடாது. அதனால் ஷிஃப்ட்டுக்குப் போகும்போது என் அறை அலமாரியில் நம்பர் போட்ட குழியில் போனை வைத்துவிட்டு பஸ் ஏறுவார்கள். பன்னிரண்டு மணி நேரம் கழித்து வந்து எடுப்பார்கள்.

போன் சும்மா கிடப்பதில்லை. ஹாஸ்டலில் இருக்கும் மற்ற ஷிஃப்ட் பிள்ளைகள் எதையாவது அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். குழிக்குள் வெளிச்சம் வரும், இரண்டு வரி தெரியும், அணையும்.

மேனேஜர் பெருமாள்சாமி முதல் நாளே சொன்னார். "ஏம்மா பேச்சி, இதுகள ஒருத்தி தூண்டி விடுறா. யாருன்னு தெரியணும். அவளப் பஸ் ஏத்தி ஊருக்கு அனுப்பிட்டா மிச்சம் தொண்ணூத்தஞ்சும் அடங்கிரும். அலமாரி பக்கத்துலதான உக்காந்திருக்க? கண்ணுல படுறத நோட்டுல எழுது."

எழுதினேன். தமிழ்தான், ஆனால் எனக்குப் புரியவில்லை. ‘பூமர் ஆன்லைன்’ என்று ஒன்று. ‘அக்கா மறுபடி புள்ளி வச்சிருக்கு, பயமா இருக்குடி’ என்று ஒன்று. ஒருத்தி ‘கே’ என்று ஒற்றை எழுத்தை அனுப்புகிறாள். ‘எழிலு ஆடிட்ல சம்பவம் பண்ணிட்டா’ என்று ஒருத்தி. இதைப் பார்த்துத்தான் பயந்துபோனேன். நம் ஊரில் சம்பவம் என்றால் என்னவென்று உனக்குத் தெரியும்.

நான் நடத்தும் வாட்ஸ்அப் குரூப்பில் பிள்ளைகள் நன்றாகத்தான் நடக்கிறார்கள். ஞாயிறு ஓவர்டைம் என்று மேனேஜர் போடுவார். முதலில் நான் கட்டைவிரல் படம் வைப்பேன். உடனே எல்லோரும் வைப்பார்கள். அதைப் படம் பிடித்து, எல்லோருக்கும் சம்மதம் என்று கம்பெனிக்கு அனுப்புவார்.

மே மாசம் முழுக்க என் போன் உன்னிடம்தானே கிடந்தது. அர்த்தம் எழுது. வேளைக்குச் சாப்பிடு.

சித்தி

நாங்குநேரி
15.6.2025

அன்புள்ள சித்திக்கு,

சுகா எழுதுகிறேன். கணக்கு வாத்தியார் மாறியதும் தலைவலி தானாகப் போய்விட்டது. நீங்கள் தண்ணீரில் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

உங்கள் கடிதத்தை எங்கள் வார்டன் அம்மா பிரித்துப் படித்துவிட்டுத்தான் தந்தார். இங்கே அதுதான் வழக்கம். அவரும் சிரித்தாராம்.

பூமர் நீங்கள்தான். பழைய காலத்து ஆள், அறிவுரை சொல்கிறவர் என்று பொருள். வருத்தப்படாதீர்கள், எங்கள் வார்டனுக்கும் அதே பெயர்தான் (வணக்கம் அம்மா). ‘கீழே வரவும்.’ என்பது போல எதையாவது புள்ளி வைத்து அனுப்பியிருப்பீர்கள். பரீட்சையில் புள்ளிக்கு மார்க் உண்டு, போனில் அது முறைப்பு. ‘கே’ என்றால், சரி என்று முழுதாக எழுதக்கூட எனக்கு மனமில்லை என்று அர்த்தம். ‘ஓகேக்கா’ என்று யாராவது இழுத்து எழுதினால் அவளுக்கு உங்களைப் பிடித்திருக்கிறது.

கட்டைவிரலைச் சம்மதம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பேசப் பிடிக்காத ஆளுக்குத்தான் நாங்கள் அதை வைப்போம். பேச்சை முடித்துக்கொள், ஆளை விடு என்பதற்கு.

சம்பவம் என்றால் வெட்டுக்குத்து இல்லை, நிம்மதியாக இருங்கள். பெரிய ஆட்கள் முன்னால் ஒருத்தி பயப்படாமல் வாயைத் திறந்திருக்கிறாள், மற்றவர்கள் கொண்டாடுகிறார்கள். ஆடிட் என்றால் வெளியிலிருந்து வந்து கேள்வி கேட்பவர்கள்தானே? அந்த எழில் அவர்களிடம் ஏதோ உண்மையைச் சொல்லியிருக்கிறாள். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது.

இன்னும் அனுப்புங்கள். பாடப் புத்தகத்தைவிட இது நன்றாக இருக்கிறது.

உங்கள் சுகா

சுங்குவார்சத்திரம்
29.6.2025

அன்புள்ள சுகாவுக்கு,

சீரகத் தண்ணீர் கேட்டது, வயிறு இப்போது சரி. உனக்குச் சளி பிடித்திருப்பதாக உன் வார்டன் போனில் சொன்னார். ஆவி பிடி.

நீ சொன்னபடி புள்ளியை விட்டுவிட்டேன். ஒரு பிள்ளை சிவப்பு நெஞ்சுப் படம் அனுப்பினாள். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

நீ எழுதிய அர்த்தத்தை நோட்டில் அப்படியே எழுதிக் கொடுத்தேன். மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். "பரவால்லயே, உனக்கு இதெல்லாம் தெரியுதே" என்றார். எழிலரசி என்ற பிள்ளையைக் கணக்கு முடித்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுடைய கட்டிலில் இருந்த இன்னொரு பிள்ளை இரண்டு நாள் சாப்பிடவில்லை. சரி, அது கம்பெனி விஷயம்.

பின்பக்கம் எட்டு வரி எழுதியிருக்கிறேன். எட்டாவது வரிதான் மேனேஜருக்கு முக்கியமாம். ஒரே நாளில் இருபது குழியில் அதே வரி வெளிச்சம் போட்டது: ‘சன்டே எல்லாரும் சீன் மட்டும். லீக் ஆச்சு, செத்தோம். சந்திரா சொல்லுவா, வெயிட்.’

சந்திரா என்றால் சந்திரலேகா, சங்கரன்கோவில் பிள்ளை. அமைதியானவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் என்ன சொல்லப் போகிறாள்? சீக்கிரம் எழுது. மேனேஜர் தினமும் கேட்கிறார்.

சித்தி

நாங்குநேரி
6.7.2025

அன்புள்ள சித்திக்கு,

சளி குறைந்துவிட்டது. நீங்கள் நலம்தானே.

முதல் வரி சாப்பாட்டைத் திட்டுவது. இரண்டும் மூன்றும் பிறந்தநாள் வாழ்த்து. நான்காவதில் வரும் ‘கிரிஞ்ச்’ என்றால் பார்க்கவே கூச்சமாக இருப்பது. மேனேஜர் போட்ட பொன்மொழிப் படத்தைச் சொல்கிறார்கள். ஐந்தாவது காதல், உங்களுக்கு வேண்டாம். ஆறாவதில் மண்டையோடு வரைந்திருக்கிறீர்கள், அது சாவு இல்லை, சிரித்துச் சிரித்துச் செத்தேன் என்பது. ஏழாவது சும்மா.

எழிலரசியை ஏன் அனுப்பினார்கள்?

அவளுடைய கட்டிலில் இன்னொரு பிள்ளை இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். தொண்ணூற்றாறு பேருக்கு அங்கே எத்தனை கட்டில், சித்தி?

சுகா

சுங்குவார்சத்திரம்
13.7.2025

சுகாவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

எட்டு வரி அனுப்பினேன். ஏழுக்குத்தான் பதில் வந்திருக்கிறது. நான் பத்தாவதுதான், ஆனாலும் எட்டு வரைக்கும் எண்ணத் தெரியும்.

கட்டில் நாற்பத்தெட்டு. பகல் ஷிஃப்ட் போனதும் அந்தக் கட்டிலில் இரவு ஷிஃப்ட் பிள்ளை படுப்பாள். ஒரே நேரத்தில் இரண்டு பேர் இல்லை. இதில் என்ன குறை? ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இடிக்கும். அதற்காகத்தான் பாதிப் பேரை ஓவர்டைமுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எழிலரசி இதைப் போய் ஆடிட் ஆட்களிடம் சொல்லியிருக்கிறாள். சாப்பாடு போடும் இடத்தைக் காட்டிக்கொடுத்தால் வைத்துக்கொண்டிருப்பார்களா?

நீ படிப்பது இந்த வேலையால்தான். உன் அம்மா போன பிறகு நான் உன்னை ஒரு நாளும் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். ‘சீன் மட்டும்’ என்றால் என்ன? சந்திரலேகா என்ன சொல்லப் போகிறாள்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

சித்தி

நாங்குநேரி
10.8.2025

சித்திக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. நான்கு வாரமாக எழுதாததற்குக் காய்ச்சல் காரணம் இல்லை, பரீட்சையும் காரணம் இல்லை.

அந்த வரியின் அர்த்தம் படித்த அன்றே எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

எழிலரசியை அனுப்பியது மேனேஜர் இல்லை, நான். ‘எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது’ என்று எழுதி, அதோடு அவளைப் பிடித்துக் கொடுத்தும் விட்டேன். அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவளாக இருப்பாள். அவள் சொன்னது பொய்யா? பொய் இல்லை, நீங்களே எழுதியிருக்கிறீர்கள், நாற்பத்தெட்டு. ஒருத்தியின் வியர்வை காய்வதற்குள் இன்னொருத்தி அதே தலையணையில் படுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை படுக்க இடம் இல்லாததால் வேலைக்கு அனுப்புகிறார்கள், அதற்குப் பெயர் சம்மதம். இதைக் குறையில்லை என்று எழுத உங்கள் கை எப்படி வந்தது?

போனில் எங்களுக்கும் மரியாதை உண்டு. அடுத்தவள் போன் வெளிச்சம் போட்டால் கண்ணைத் திருப்பிக்கொள்வோம். ஒருத்தி தனியாகச் சொன்னதைப் படம் பிடித்து வேறு இடத்தில் காட்ட மாட்டோம். காட்டினால் அவளோடு யாரும் பேச மாட்டார்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். இதையெல்லாம் செய்கிற உங்களைப் பூமர் என்றதோடு அவர்கள் விட்டது பெரிய விஷயம்.

என் கடிதம் ஒவ்வொன்றையும் இங்கே பிரித்துப் படிக்கிறார்கள். கையில் வாங்கும்போது கூசுகிறது. அங்கே தொண்ணூற்றாறு பேருக்கு அப்படித்தான் இருக்கும்.

இதனால் என் படிப்பு நின்றால் நிற்கட்டும். உங்கள் மேல் பாசம் இல்லை என்று நினைக்க வேண்டாம். மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்.

சுகா

சுங்குவார்சத்திரம்
24.8.2025

அன்புள்ள சுகாவுக்கு,

மாத்திரை சாப்பிடுகிறேன். உன் கடிதம் வந்த அன்று மட்டும் சாப்பிடவில்லை. கிழித்துப் போட நினைத்தேன், கிழிக்கவில்லை.

போன ஞாயிறு கம்பெனியில் மின்சார வேலை என்று எல்லோருக்கும் லீவு. நான் வந்தபிறகு தொண்ணூற்றாறு பேரும், இல்லை, எழில் போனதற்கு வேறு ஒருத்தி வந்துவிட்டாள், தொண்ணூற்றாறுதான், ஒன்றாக ஹாஸ்டலில் இருந்தது அன்றைக்குத்தான். மத்தியானம் மாடிக்குப் போனேன். முடிந்த கட்டிலில் இரண்டு பேர், ஒருத்தி கால் மாட்டில் இன்னொருத்தி தலை. இடம் பற்றாமல் கக்கூஸ் வாசலில் நியூஸ் பேப்பர் விரித்துச் சில பேர். மாடிப்படியில் படிக்கு ஒருத்தியாக உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். நான் ஏறிப் போக வழி இல்லை. சந்திரலேகா கடைசிப் படியில் விழித்திருந்தாள்.

"ஏளா, சீன் மட்டும்னா என்ன?" என்று நேரே கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "எங்க பாத்தியன்னு கேக்கட்டா, வேண்டாமா?"

"அலமாரில பாத்தேன். எழுதியும் குடுத்தேன். எழிலப் பத்தி எழுதிக் குடுத்ததும் நாந்தான்."

"தெரியும்க்கா. எல்லாத்துக்கும் தெரியும்."

"பொறவு ஏன் அக்கான்னு கூப்பிடுத?"

"வேற என்னன்னு கூப்பிட? இங்க வயசுல மூத்த பொம்பள நீங்க ஒருத்திதான இருக்கிய." பிறகு அவளே சொன்னாள். "ஞாயிறு மெசேஜ் வந்தா எல்லாரும் பாக்கணும், ஒருத்தியும் விரல் வைக்கக் கூடாது. அவ்வளவுதான். ஆனா முத விரல் நீங்கதான வைக்கிய. அதப் பாத்ததும் பயந்தவளுவ வச்சிருதாளுவ. நாப்பது பேரு விலகி நின்னா நாப்பது பேரையும் அனுப்பிருவான். தொண்ணூத்தாறையும் அனுப்ப முடியாது. அதான் தள்ளித் தள்ளிப் போவுது."

மறுநாள் ஷிஃப்ட் போனதும் அலமாரியில் இருந்த போன்களை எல்லாம் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். இனி அப்படித்தான். அன்று சாயங்காலம் மேனேஜர் அந்த எட்டாவது வரியைப் பற்றிக் கேட்டார். ஏதோ சினிமா சீனைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள் சார் என்றேன். நம்பினார். அவரும் பூமர்தானே.

உன் மேல் கோபம் இல்லை. சத்துமாவு அனுப்பியிருக்கிறேன், வார்டனுக்கும் கொடு.

சித்தி

நாங்குநேரி
31.8.2025

அன்புள்ள சித்திக்கு,

சத்துமாவு வந்தது. உடம்புக்கு இனி என்ன வரப் போகிறது. உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை. பார்த்துவிட்டுப் பதில் போடாமல் விடுவதுதான் எங்களிடம் இருப்பதிலேயே பெரிய அடி. திட்டினால்கூட ஆள் தாங்கிக்கொள்வான். நீலக்கோடு விழுந்து, மணிக்கணக்கில் பதில் வராவிட்டால் சோறு இறங்காது. மெசேஜ் போட்டவர் அதை அழுத்திப் பிடித்தால் யார் யார் படித்தார்கள் என்று பெயர் வரிசையாக வரும். மேனேஜர் ஒவ்வொரு பெயராகப் பார்ப்பார்.

அதனால் யாரும் குரூப்பை விட்டு வெளியே போகக் கூடாது, போனை அணைத்தும் வைக்கக் கூடாது. பார்க்கவில்லை என்று சொல்ல அவருக்கு இடம் தரக் கூடாது. வேலைக்குப் போகும் பிள்ளைகளும் போனை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அந்த வரிசையில் உங்கள் பெயரும் வரும். விரல் உங்களுடையது. நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

கவனமாக இருங்கள்.

சுகா

சுங்குவார்சத்திரம்
8.9.2025

அன்புள்ள சுகாவுக்கு,

நலமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை. நலமாகத்தான் இருப்பாய். கேள்.

சனிக்கிழமை காலை, இரவு ஷிஃப்ட் வந்து பகல் ஷிஃப்ட் கிளம்பும் நேரம் பார்த்து மெசேஜ் போட்டார். ‘நாளை ஞாயிறு ஓவர்டைம். 48 பேர். விருப்பத்துடன் விரல் வைக்கவும்.’ பகல் ஷிஃப்ட் பிள்ளைகள் அலமாரி முன்னால் வரிசையாக நின்று ஒவ்வொருத்தியாகப் பார்த்துவிட்டுக் குப்புற வைத்தார்கள். சந்திரலேகா மட்டும் என் முகத்தைப் பார்த்தாள். நான் என் போனைத் திறந்து படித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு அவர் கூப்பிட்டார். "பேச்சி, நெட்டு இல்லையா அங்க?"

"நெட்டு இருக்கு சார்."

"எல்லாம் பாத்திருக்குதுங்க. தொண்ணூத்தாறும் பாத்திருக்கு. ஒருத்தியும் வைக்கல. நீ வை மொதல்ல."

"நானும் பாத்தாச்சு சார்" என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை பதினோரு தடவை கேள்விக்குறி போட்டார். ஷிஃப்ட் மாறியதும் பதினொன்றையும் எல்லோரும் பார்த்தார்கள்.

ஞாயிறு காலை பஸ் வந்தது. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார். யாரும் ஏறவில்லை. மேனேஜர் காரில் வந்து இறங்கி மாடிப்படியில் நின்று கத்தினார். "எவ ஆரம்பிச்சா? பேரச் சொல்லுங்க. சொன்னா மத்தவங்களுக்கு ஒண்ணும் இல்ல."

படி நிறையப் பிள்ளைகள். சந்திரலேகா எழுந்திரிக்கப் பார்த்தாள். நான் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தேன்.

"குரூப்புக்கு அட்மின் நான். முத விரல் என் விரல். நான் வைக்கல. நோட்டுல எழுதிக்கோங்க சார், பேச்சின்னு."

"உனக்கு வேலை வேண்டாமா?"

"வேணும். இந்தப் பிள்ளைகளுக்குக் கட்டிலும் வேணும்."

சமையல் பண்ணும் கங்கம்மாள் கரண்டியோடு வெளியே வந்து நின்றாள். "இன்னா சார், பொம்பளப் புள்ளைங்க தூங்கறதுக்கு எடம் கேக்கறதுக்கு இவ்ளோ சத்தம் போட்டுகினு கீற? உன் வூட்ல எத்தினி பேரு ஒரு கட்டில்ல படுக்கறீங்க?" யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். அவர் காரில் ஏறிவிட்டார்.

மத்தியானமே காண்ட்ராக்டர் வந்துவிட்டார். ஆர்டர் நெருக்கடியாம், ஒரு நாள் லைன் நின்றதற்குக் கம்பெனி அவரை உலுக்கி எடுத்துவிட்டதாம். புதிதாகத் தொண்ணூற்றாறு பேரைப் பழக்க இரண்டு மாசம் ஆகும் என்பது அவருக்கும் தெரியும். நாங்கள் கேட்டது மூன்று. ஆளுக்கு ஒரு கட்டில். ஞாயிறு இஷ்டப்பட்டால் மட்டும், அதுவும் கையெழுத்துப் போட்டு. எழிலரசி திரும்ப வர வேண்டும். சந்திரலேகா மூன்றையும் சொன்னாள். இரண்டு வாரம் டைம் கேட்டுவிட்டுப் போனார்.

செய்வாரா, எங்களைத் தனித்தனியாகப் பிரிப்பாரா, தெரியாது. என் வேலை இருக்குமா என்றும் தெரியாது. ஆனால் ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன்.

சித்தி

நாங்குநேரி
14.9.2025

அன்புள்ள சித்திக்கு,

நலமோ நலம்.

எங்கள் வார்டன் அம்மா உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "என்னட்டி ஆச்சு அங்க? பஸ்ல ஏறினாளுவளா இல்லையா?" என்றார். உறை ஒட்டியபடியே இருந்தது. "பிரிக்காமத் தாங்க, படிச்சிட்டு நானே வந்து சொல்லுதேன்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தந்தார். சொன்னேன், நின்றபடியே கேட்டார். அன்றிலிருந்து யார் கடிதத்தையும் பிரிப்பதில்லை.

உங்கள் வேலை போனால் ஊருக்கு வாருங்கள். நான் பரீட்சை எழுதிவிட்டு ஏதாவது வேலைக்குப் போகிறேன், சேர்ந்து சமாளிப்போம். நீங்கள் அந்த விரலை வைத்திருந்தால்தான் எனக்குத் தாங்கியிருக்காது.

கட்டில் வந்ததா என்று மட்டும் எழுதுங்கள்.

சுகா

சுங்குவார்சத்திரம்
28.9.2025

அன்புள்ள சுகாவுக்கு,

நீ நல்லபடியாக இருப்பாய். இங்கே எல்லோரும் சௌக்கியம், எல்லோரும் என்பதை அழுத்திப் படி.

வியாழக்கிழமை லாரியில் கட்டில் வந்தது. பக்கத்துக் கட்டடத்தையும் வாடகைக்கு எடுத்துவிட்டார்கள். இறக்கி வைக்கப் பிள்ளைகளே போனார்கள், இரும்புச் சத்தம் தெருவையே எழுப்பியது. எழிலரசி நேற்றுப் பையோடு வந்து இறங்கினாள். நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்று அவளிடம் சொன்னேன். "எனக்கு ஜன்னல் பக்கம் கட்டில் வேணும்" என்றாள். கொடுத்தேன். இதுவரை வேறெதுவும் பேசவில்லை. பேசுவாள்.

பெருமாள்சாமியை வேறு ஹாஸ்டலுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே உள்ள பிள்ளைகளுக்குச் சந்திரலேகா தெரிந்த ஆள் மூலம் எல்லாவற்றையும் சொல்லி வைத்திருக்கிறாள். என்னை அனுப்பத்தான் நினைத்தார்கள். காண்ட்ராக்டர் குரூப்பில் ‘புது வார்டன் வருகிறார்’ என்று போட்டார். எல்லோரும் பார்த்தார்கள். மறுநாள் அவரே அதை அழித்துவிட்டார்.

இன்று ஞாயிறு. ஓவர்டைமுக்குக் கையெழுத்துப் போட்டது ஒன்பது பேர், அவர்களாகவே. பஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. இப்போது காலை பத்தரை. கங்கம்மாள் வந்து, "இன்னாம்மா, ஒருத்தியக் கூடக் காணோம், இட்லி ஆறிக்கினு கீது, எழுப்பவா?" என்றாள்.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு கட்டடத்திலும் போய்ப் பார்த்தேன். கை காலை நீட்டிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, ஆளுக்கு ஒரு கட்டிலில், எழிலையும் சேர்த்து எண்பத்தெட்டுப் பேரும் தூங்குகிறார்கள்.

தூங்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்து உனக்கு இதை எழுதுகிறேன். நீயும் நன்றாகத் தூங்கி எழுந்து படி.

சித்தி பேச்சி